தொட்டியில் சொட்டு நீலம்

குளியலறைக் கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் அந்தச் சத்தம் கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக வந்துவிடும். பெரிய சத்தம் இல்லை. பல் கூசும்போது காற்றை உள்ளே இழுப்போமே, அதை யாரோ நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருப்பதுபோல ஒரு 'ஸ்ஸ்'. கழிப்பறைத் தொட்டி நிரம்பியதும் அடங்க வேண்டிய சத்தம். அடங்கவில்லை. டோக்கன் அக்கா சமையலறையில் நின்றால் அங்கே வந்தது, ஹாலில் துணி மடித்தால் அங்கே வந்தது, படுத்தால் தலையணை வரைக்கும் வந்தது.

"தண்ணி இன்னும் ஓடுதுங்க" என்றால் அவள் கணவர் டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல், "எங்க ஓடுது? அதான் சரி பண்ணிட்டேனே" என்பார்.

சரி பண்ணினார்தான். ஒரு விடுமுறை நாளில் தொட்டியின் பீங்கான் மூடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவைத்தார். தண்ணீர் வரும் குழாயின் முனையைக் கழற்றி அதில் சேர்ந்திருந்த மண்ணைத் தட்டினார். மிதவையின் கம்பியை லேசாக வளைத்தார். ஒரு தடவை அழுத்திவிட்டு, தண்ணீர் ஏறி அதன் இடத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, மூடியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "முடிஞ்சுது. இனிமே மூச்சு விடாது" என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால், அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டி முன்னால் நிறுத்தியிருப்பாள். சொன்னவர் அவராயிற்றே. ஊரில் அவருக்குப் பெயரே காதுக்காரர். மோட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வண்டியில் கொண்டுவந்த மோட்டரை இறக்கி ஓடவிட்டால், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "பேரிங் போச்சு" என்பார், "காத்தாடி உரசுது பாரு" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். மற்ற மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டர் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார்கள். அவருக்கு அது வேடிக்கை. நடக்கத் தெரிஞ்சவனுக்கு ஊன்றுகோல் எதுக்கு என்று சிரிப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவர் முன்னால் ஸ்க்ரூ டிரைவரைக் காதருகே கொண்டுபோகவே வெட்கப்படுவார்கள்.

கடையில் அவருக்குக் கூட்டாளி டோக்கன் அக்காவின் தம்பி. செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது, சாமான் வாங்குவது, வாடிக்கைக்காரர்களிடம் பேசுவது எல்லாம் தம்பியும் ஆட்களும். கடைசியில் மோட்டரை ஓடவிட்டுக் காதுக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் கேட்டுத் தலையாட்டினால்தான் மோட்டர் கடையை விட்டு வெளியே போகும். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். கையால் செய்யும் வேலையை அவர் விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அதாவது காது இல்லாவிட்டால் அந்தக் கடையில் அவர் உட்காரும் நாற்காலிக்கு வேலை இல்லை.

கொஞ்ச நாளாக அவர் தலையாட்டி அனுப்பிய மோட்டர்கள் சில திரும்பி வந்தன. "கத்துதுங்க" என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். பேரிங்கெல்லாம் டூப்ளிகேட்டா வருது என்று அவர் சாமான் கடைக்காரனைத் திட்டினார். சாமான் வாங்கும் கடையை மாற்றினார். மாற்றிய கடையின் பேரிங் போட்ட மோட்டரும் திரும்பி வந்தது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார். ஆகையால் டோக்கன் அக்கா எடுப்பதில்லை. வீட்டில் சண்டை போடத்தான் தொட்டி இருக்கிறதே.

அவள் ஒரு கண் மருத்துவமனையில் டோக்கன் கூப்பிடுகிறவள். அவள் சேர்ந்த காலத்தில் ஒரு மைக் இருந்தது. அது கெட்டுப்போனபோது புதுசு வருகிற வரைக்கும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடம்மா என்றார்கள். வரவேயில்லை. வயிற்றிலிருந்து எழும் கனத்த குரல் அவளுக்கு. கூடம் முழுக்க, வெளியே மரத்தடி பெஞ்சு வரைக்கும் போகும். எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டு, டாக்டர்களும் அக்கா என்று கூப்பிட்டு, பென்ஷன் வாங்கும் வயதான பாட்டன்மார்களும் அக்கா என்று கூப்பிட்டு, வீட்டில் வைத்த பெயரைக் கையெழுத்துப் போடும்போது மட்டும் ஞாபகப்படுத்திக்கொள்வாள். அந்தக் குரலை வீட்டுக்கு வரும்போது அங்கேயே விட்டுவிட்டு வர முடியாது. "உப்பு போதுமாங்க?" என்று அவள் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

மருத்துவமனைக் கதைகளைச் சாயங்காலம் கணவருக்குச் சொல்வது அவளுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இத்தனை வருஷத்தில் என் கண் போயிடுச்சுன்னு சொல்லிக்கிட்டு ஒரு ஆள் வந்ததில்லைங்க என்பாள். வெளிச்சம் பத்தலைம்மா என்பார்கள். பேப்பர்க்காரன் எழுத்தைச் சின்னதாக்கிட்டான் என்பார்கள். ஒருத்தர் சுவரில் இருந்த எழுத்துப் பலகையையே துடைத்துவிட்டு வரச் சொன்னாராம். இதற்கெல்லாம் காதுக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

தொட்டி விஷயத்தில் முதலில் அவள் கண்டுபிடித்தது, தொட்டிக்குக் கீழே சுவரோரம் இருக்கும் சின்ன வால்வை. அதைத் திருகி மூடினால் சத்தம் நின்றது. வேண்டும்போது திறந்தால் போயிற்று. அவள் மூடுவாள். அவர் போய் அழுத்துவார், தண்ணீர் வராது, வாளியில் பிடித்து ஊற்றிவிட்டு வந்து, "யாரு இதை மூடினது? நல்லா இருக்கறதை நோண்டி நோண்டிக் கெடுக்காதே" என்று சொல்லித் திறந்துவிடுவார். அவள் மறுபடி மூடுவாள். வால்வு துருப்பிடித்தது. திருகும்போது மணிக்கட்டில் சுளீரென்று வலிக்கும். மூடும்போது ஒரு வசவும் திறக்கும்போது ஒரு வசவுமாக அவளுக்கு வாய் பழகிவிட்டது.

அவளால் மூட முடியாத நேரம் அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரம். மாடித் தொட்டித் தண்ணீர் பகல் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் காலை முகத்தில் சோப்பு, தலையில் ஷாம்பு, கண் திறக்க முடியவில்லை, குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்று வந்தது. சுவரைத் தடவிக்கொண்டு துண்டைத் தேடி எடுத்து, கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "மோட்டரைப் போடுங்க" என்று அவள் கத்தியதில் தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"நேத்துக் காலையிலதானே ரொப்பினேன்" என்றார் காதுக்காரர். "நீ துணி துவைக்கிற துவைப்புக்கு ஆத்தையே கொண்டுவந்து விட்டாலும் பத்தாது."

"நேத்து நான் துணியே தொடலை."

"அப்ப மாடித் தொட்டி மூடி திறந்திருக்கும். காக்கா குடிச்சிருக்கும்."

"காக்கா என்ன குடம் கொண்டு வந்துச்சா?"

அவர் போய் மோட்டரைப் போட்டார். ஷாம்பு காய்ந்து நெற்றியில் இழுக்க, அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மோட்டர் ஓடும்வரைக்கும் தொட்டியின் சத்தம் கேட்காது. அது ஒன்றுதான் நிம்மதி.

பிளம்பரை வரச் சொன்னாள். அவள் வேலையிலிருந்து வருவதற்குள் அவன் வந்துவிட்டான். மத்தியானம் சாப்பிட வந்த காதுக்காரர் அவனை வாசலிலேயே மறித்து, இங்கே ஒரு ரிப்பேரும் இல்லை, போய் வேறு வீடு பார் என்று அனுப்பிவிட்டார். ஊரில் இருக்கும் மோட்டர்களையெல்லாம் தான் சரி பண்ணிக்கொண்டிருக்க, தன் வீட்டுத் தொட்டியை இன்னொருத்தன் வந்து திறப்பதா என்று அவருக்கு ரோஷம். அதற்கப்புறம் அவள் கூப்பிட்டால் அந்தப் பிளம்பர் போனை எடுப்பதில்லை.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போன் பண்ணினபோது, சாட்சி கிடைத்தது என்று அவள் போனைக் கொண்டுபோய்த் தொட்டியின் மேல் வைத்தாள். ஸ்பீக்கரைப் போட்டுக் கணவரையும் கூட நிறுத்திக்கொண்டாள்.

"கேக்குதா பாரு."

"என்னம்மா கேக்கணும்?"

"தண்ணி. ஸ்ஸுன்னு."

"ஒண்ணும் கேக்கலையேம்மா. நீ பேசறதுதான் கேக்குது. அதுவும் நீ போன் இல்லாமப் பேசினாலே கேக்கும்."

காதுக்காரர் மகளிடம் சாப்பிட்டியாம்மா என்று விசாரித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். அந்தத் துண்டு உதறலை அவளால் தாங்க முடியவில்லை. பிறகு மகள் இன்னொரு நாள், இந்தப் போனெல்லாம் பின்னால் கேட்கும் இரைச்சலைத் தானாகவே அழித்துவிடும், பேச்சை மட்டும்தான் அனுப்பும் என்று விளக்கினாள். அதை அன்றைக்கே சொல்வதற்கு உனக்கு என்னடி கேடு என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். சத்தம் தொட்டியில் இல்லை, அவள் காதில் இருக்கிறது என்று. இந்த வயதில் பொம்பளைகளுக்கு அப்படி வருமாம். கடைக்கு வந்த யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். உங்க ஆஸ்பத்திரியிலேயே காட்டேன் என்றார். அது கண்ணாஸ்பத்திரி என்றாள். கண்ணுக்குப் பக்கத்தில்தானே காது இருக்கிறது என்றார்.

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை, அக்கறையாகச் சொன்னார் என்பதுதான் அவளைத் தின்றது. சமையலறையில் நின்று இரண்டு காதையும் விரலால் பொத்திப் பார்த்தாள். சத்தம் நின்றது. விரலை எடுத்தாள். வந்தது. என் மண்டைக்குள்ள இருந்தா பொத்தினாலும் கேக்கணுமே என்று அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, "காதைப் பொத்தினா நிக்குதுன்னா காதுலதானே கோளாறு?" என்றார். அவளுக்கு எந்தப் பக்கம் போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். ஒரு மாணவர் விடுதியின் தண்ணீர் மோட்டர்கள் மொத்தமும் ரிப்பேருக்கு வந்திருந்தன; வேலை முடிந்துவிட்டது; வரும் நாட்களில் காதுக்காரர் கேட்டுச் சரி சொன்னால் கொண்டுபோய் மாட்ட வேண்டும், அதைப் பற்றிப் பேச வந்திருந்தான். டீயைக் கையில் கொடுத்த கையோடு அவள் அவனைக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். அவரையும் எழுப்பி வரச் சொன்னாள். மூன்று பேரும் அந்தக் குறுகலான இடத்தில், தம்பி கையில் டீயோடு, தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ சொல்லுடா. தண்ணி ஓடுதா இல்லையா?"

தம்பி தலையைச் சாய்த்தான். சத்தம் அவன் முகத்துக்கு நேராகவே வந்துகொண்டிருந்தது. அவன் தொட்டியைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். காதுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, தீர்ப்பு தெரிந்தவர்போல நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேக்கா" என்றான் தம்பி.

"நல்லாக் கேளுடா."

"கடையில கத்தல்லயே இருக்கறவன்க்கா நான். எனக்கு என்ன தெரியும்? அத்தான் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

"விடு மச்சான்" என்றார் காதுக்காரர், பெருந்தன்மையாக. "உங்கக்காவுக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம்னு இருக்கேன்."

சின்ன வயதில் தம்பி பொய் சொன்னால் வலது காது மடலைத் தேய்ப்பான். டீ டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவன் அதைத் தேய்த்ததை அவள் பார்த்தாள். கிளம்பும்போது கேட் வரைக்கும் கூடவே போனாள். கேட்டைத் திறக்கவிடாமல் கையை வைத்துக்கொண்டாள்.

"எதுக்குடா பொய் சொன்னே? ஒரு மாசமா நான் பைத்தியக்காரி மாதிரி வீட்டுல சுத்திக்கிட்டு இருக்கேன். உனக்குக் கேட்டுச்சு. எனக்குத் தெரியும்."

தம்பி வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"கேட்டுச்சுக்கா. அங்க நின்ன யாருக்கும் கேட்டிருக்கும். அத்தானுக்கு மட்டும் கேக்கலை. மோட்டர்லயும் அந்த மெல்லிசுக் கத்தல் அவருக்கு விழறதில்லை. கடகடன்னு வந்தாச் சொல்லிடறார். கீச்சுன்னு வந்தா ஓகேன்னு தலையாட்டறார். எல்லாரும் என் மூஞ்சியைப் பார்க்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல? எனக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். விடுதி மோட்டர் அத்தனையும் திரும்பி வந்துச்சுன்னா கடைப் பேரு போயிடும். நீ சொல்லேன்க்கா."

"தொட்டி ஓடுதுன்னு சொல்லவே உனக்கு வாய் வரலை. நான் இதைப் போய்ச் சொல்லணுமா?" என்றாள் அவள். கேட்டிலிருந்து கையை எடுத்தாள்.

உள்ளே வரும்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு டேபிள் ஃபேனின் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் வாசற்படியிலேயே நின்றாள். மருத்துவமனையில் நர்ஸ் பெண்கள் பேசிக்கொள்வார்களே, அந்த மாதிரி, தொண்டையின் நுனியில் வைத்து, "இன்னொரு டீ வேணுமாங்க?" என்றாள். அப்படிப் பேசி அவளுக்கே பழக்கமில்லை. குரல் யாருடையதோபோல வந்தது. அவர் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு தடவை சொன்னாள். துணியைத் திருப்பி மறுபக்கத்தால் துடைத்தார்.

அப்புறம் அவள் தன் குரலில், "டீ" என்றாள்.

"கொஞ்சமாக் குடு" என்றார் அவர், திரும்பாமலே.

சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அணைக்கக்கூட இல்லை. கடையில் எல்லோரும் கத்திப் பேசுவார்கள். வீட்டில் அவள் கத்திப் பேசுவாள். அவர் காதில் விழாமல் போவதற்கு அவரைச் சுற்றி மெதுவாகப் பேசும் ஒரு ஆள் இல்லை. எப்போதிருந்து இப்படி என்று அவளால் சொல்ல முடியவில்லை. போன வருஷமாக இருக்கலாம், அதற்கு முன்னாலும் இருக்கலாம். கோபம் போய்விடவில்லை. இவ்வளவு நாள் அவளை டாக்டரிடம் போகச் சொன்னாரே என்று இன்னும் ஏறத்தான் செய்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு சண்டை போட இப்போது மனசு வரவில்லை, அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

உங்க காது கேக்கலை என்று அவரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தினமும் அதைத்தானே பார்க்கிறாள். வெளிச்சம் பத்தலை என்பார். மருத்துவமனையில் டாக்டர்கள் யாரிடமும் உனக்குக் கண் தெரியவில்லை என்று வாதாடுவதில்லை. பலகையைக் காட்டி, இதைப் படிங்க என்பார்கள், அவ்வளவுதான். படிக்க முடியாதபோது வந்தவரே கண்ணைக் கசக்கிக்கொள்வார்.

மறுநாள் அவளுக்கு விடுப்பு. அவர் கடைக்குப் போன பிறகு பீங்கான் மூடியை மூச்சைப் பிடித்துத் தூக்கிச் சாய்த்தாள். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தின் பாட்டிலைக் கவிழ்த்து அழுத்தினாள். சொட்டாக விழ வேண்டியது, மூடி கழன்று மொத்தமாக விழுந்தது. தொட்டித் தண்ணீர் கடல் மாதிரி ஆகிவிட்டது. விரலெல்லாம் நீலம், மேலே போட்டிருந்த நல்ல துணியில் நீலம். தலையில் அடித்துக்கொண்டால் அங்கேயும் ஆகும் என்று விட்டுவிட்டாள். யாரும் அழுத்தக் கூடாது. அவளே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள், எதற்கு என்று சொல்லாமல்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது கழிப்பறைப் பீங்கான் கோப்பையின் பின்பக்கச் சுவரில், மேலிருந்து கீழ் வரை, மெல்லிய நீலக் கோடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. அடியில் நின்ற தண்ணீர் நல்ல நீலம்.

அவள் கோப்பையைக் காட்டினாள். தொட்டியில் நீலம் போட்டேன், யாரும் அழுத்தவில்லை, பாருங்க என்றாள்.

அவர் கை கழுவ வந்தவர் அப்படியே நின்றார். குனிந்து பார்த்தார். முழங்காலில் உட்கார்ந்து பார்த்தார். நீலக் கோட்டை விரலால் தொட்டார். அழித்த இடத்தில் மறுபடி கோடு இறங்கியது. தண்ணீர் இறங்குகிறது, இறங்கிய அளவுக்கு மேலே நிரம்புகிறது, நிரம்பும்போது சத்தம் வரும். இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வாயைத் திறந்தார். நீலம் எப்போ போட்டே என்று கேட்பாரோ, டூப்ளிகேட் நீலம் என்பாரோ என்று அவள் இடுப்பில் கைவைத்துத் தயாராக நின்றாள்.

"இந்தச் சத்தம் இப்பவும் வருதா?" என்றார்.

"வருது."

"தொடர்ந்தா? விட்டு விட்டா?"

"விடவே இல்லை."

அவர் எழுந்தார். பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், தொட்டியின் அடியில் வாயை மூடும் ரப்பர் மூடி புதிதாக ஒன்று வாங்கிவந்தார். பழையதைக் கழற்றியபோது அதன் விளிம்பு கையில் பிசுபிசுவென்று கரைந்து வந்தது. மாட்டினார். தொட்டி நிரம்பியது. நீலம் கொஞ்சம் வெளுத்தது. கோடு இறங்குவது நின்றது.

"நின்னுடுச்சா?" என்றார்.

இன்றைக்கு முன்னால் ஒரு சத்தத்தைப் பற்றி அவர் யாரிடமும் கேட்டு அவள் பார்த்ததில்லை. ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர் எழுந்து சாப்பிடுவார், அவளும் சாப்பிடலாம், பசி வயிற்றைக் கிள்ளியது.

"இல்லை" என்றாள். "முன்ன மாதிரி இல்லை. ஆனா இன்னும் கொஞ்சம் இருக்கு."

அவர் கருவிப் பையைத் திறந்து நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மிதவையின் திருகைத் திருகத்தான் என்று நினைத்தாள். அதன் நுனியைத் தண்ணீர் வரும் குழாயின் மேல் வைத்தார். கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார். அவர் அப்படிச் செய்து அவள் பார்த்ததே இல்லை. பழக்கமில்லாத கை, நுனி இரண்டு தடவை வழுக்கியது. கண்ணை மூடிக்கொண்டார். அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

"ஆமா" என்றார், கண்ணைத் திறக்காமல். "மணல் விழற மாதிரி. இருக்கு."

அந்த ஸ்க்ரூ டிரைவர் குச்சியைக் காதிலிருந்து எடுக்காமலே இன்னொரு கையால் மிதவையின் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வளைத்தார். ஒவ்வொரு தடவையும் அவளைப் பார்த்தார். அவள் இன்னும் நிற்கவில்லை என்று தலையசைத்தாள். அவர் மறுபடி வளைத்தார். கடைசியில் அந்த 'ஸ்ஸ்' மெலிந்து, இழுத்து, அறுந்தது. குளியலறை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. எங்கேயோ தெருவில் யாரோ கதவு சாத்தினார்கள்.

அவள் சொல்வதற்கு முன்னால் அவரே, "நின்னுடுச்சு" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "இல்ல?" என்றார்.

"நின்னுடுச்சு" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தம்பிக்குப் போன் போட்டார். விடுதி மோட்டர் ஒன்றும் வெளியே போக வேண்டாம், நாளைக்கு எல்லாவற்றையும் மறுபடி ஓடவிடு என்றார். அந்தப் பக்கம் தம்பி என்னவோ கேட்டான். "நீ முதல்ல கேளு. அப்புறம் நான் குச்சி வச்சுக் கேக்கறேன். ரெண்டு பேருக்கும் சரின்னு பட்டாத்தான் அனுப்பணும்" என்றார். அதற்கு மேல் தம்பியைப் பேசவிடவில்லை. வைத்துவிட்டார். ஒரு காது டாக்டரைப் பற்றி அவள் பேச்செடுத்தபோது, அதுக்குள்ளயா என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவள் விட்டாள். அது அடுத்த சண்டை.

பீங்கானில் படிந்த நீலம் போகவில்லை. அவள் பிரஷ் வைத்துத் தேய்த்தாள், தூள் போட்டுத் தேய்த்தாள், மணிக்கட்டு மறுபடி வலித்தது. சரி பண்ணினதுக்கப்புறம் இப்படிக் கறை பண்ணி வச்சிருக்கியே என்று அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் குறை சொன்னார். பிரஷை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் இருந்தது. தலையை நன்றாக அலசிவிட்டு அவள் வந்தபோது அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர் முகவாய் வரைக்கும் துருத்திக்கொண்டு நின்றது. கருவிப் பையில் போட்டால் என்ன என்று கேட்க நினைத்தாள். கடைக்குள் நுழையும்போதே ஆட்கள் பார்க்கட்டும் என்று வைத்துக்கொண்டாரோ என்னவோ.

"குனியும்போது பார்த்து. கண்ணுல குத்திக்காதீங்க" என்றாள். "அப்புறம் எங்கிட்ட வந்துதான் டோக்கன் வாங்கணும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்கினா, சத்தமாக் கூப்பிடு" என்றார்.